99 நாள் பேரரசர்: மூன்று மாதிரியிலும் சிக்காத தொண்டைப் புற்றுநோய்

ஜெர்மனியின் பேரரசராக மூன்றாம் ஃபிரடெரிக் இருந்தது மொத்தமே 99 நாட்கள். அத்தனை நாளும் அவரால் பேச முடியவில்லை; சொல்ல வேண்டியதையெல்லாம் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினார். காரணம், குரல்வளைப் புற்றுநோய். இத்தனைக்கும் அதற்கு முந்தைய வருஷம்தான் புற்றுநோய் இல்லை என்று ரிசல்ட் வந்திருந்தது. அப்போ எங்கே தப்பு நடந்தது?

யார் இந்த ஃபிரடெரிக்?

1831 அக்டோபர் 18-ல் போட்ஸ்டாமில் பிறந்த பிரஷ்ய இளவரசர். பிரிட்டன் ராணி விக்டோரியாவின் மூத்த மகளை 1858-ல் திருமணம் செய்துகொண்டார். ஆஸ்திரியா, பிரான்ஸ் நாடுகளுடனான போர்களில் படை நடத்திப் பெயர் வாங்கினார். ஆனால் போரில் பெரிய ஆர்வம் இல்லாதவர். தாராளவாத எண்ணம் கொண்டவர் என்பதால், சான்சலர் பிஸ்மார்க்குடன் அவருக்கு ஒத்தே போகவில்லை. அப்பா முதலாம் வில்ஹெல்ம் 90 வயது வரை ஆட்சியில் இருக்க, பட்டத்து இளவரசராகவே 27 வருஷம் காத்திருந்தார். புகைப்பழக்கமும் இருந்தது.

கம்மிய குரல்

1887 ஜனவரியில் குரல் கம்மியது. மார்ச்சில் பெர்லின் பேராசிரியர் கெர்ஹார்ட் பரிசோதித்தபோது, இடது குரல் நாணில் சின்னதாக ஒரு கட்டி. சூடான கம்பியால் பல முறை சுட்டு எடுத்தும் மறுபடி வளர்ந்தது. கழுத்தைத் திறந்து கட்டியை எடுக்கலாம் என்றார் அறுவை மருத்துவர் பெர்க்மான். அதற்கு மே 21 என்று நாளும் குறித்தாயிற்று.

முந்தின நாள் லண்டனிலிருந்து தொண்டை நிபுணர் மோரல் மெக்கென்சி வந்து சேர்ந்தார். சதைத் துணுக்கை எடுத்துச் சோதிக்காமல் கத்தி வைக்கக் கூடாது என்பது அவர் வாதம். துணுக்கைப் பார்த்தவர் சாதாரண ஆள் இல்லை. செல் நோயியலின் தந்தை எனப்படும் ருடால்ஃப் விர்ஷோ. மே, ஜூன் மாதங்களில் மூன்று மாதிரிகள் போயின. மூன்றிலும் புற்றுநோய் தென்படவில்லை. அறுவை சிகிச்சை கைவிடப்பட்டது. ஜூனில் லண்டன் போய், மாமியாரின் பொன்விழாவிலும் கலந்துகொண்டார் ஃபிரடெரிக்.

நவம்பரில் இத்தாலியின் சான் ரெமோவில் தங்கியிருந்தபோது புதிய கட்டி தெரிந்தது. இந்த முறை மெக்கென்சியே புற்றுநோய்தான் என்று ஒப்புக்கொண்டார். குரல்வளையை முழுசாக எடுக்கும் ஆபரேஷன் அந்தக் காலத்தில் உயிருக்கே ஆபத்தானது. வேண்டாம் என்று முடிவெடுத்தார் ஃபிரடெரிக்.

செல்லுக்குள் என்ன நடந்தது?

இதற்கான பதிலில் முக்கியமான ஒரு பகுதி கிடைக்க இன்னும் நூறு வருஷம் ஆனது. நம் குரோமோசோம்களின் முனையில் டெலோமியர் என்ற பாதுகாப்புப் பகுதி உண்டு. செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் அது கொஞ்சம் குறையும். பிரீபெய்டு பேலன்ஸ் மாதிரி. தீர்ந்துபோனால் செல் பிரிவதை நிறுத்திவிடும்.

அந்த பேலன்ஸை ரீசார்ஜ் செய்யும் நொதிதான் டெலோமரேஸ். 1984-ல் எலிசபெத் பிளாக்பர்னும் கேரல் கிரைடரும் கண்டுபிடித்தார்கள். 2009-ல் நோபல் பரிசும் கிடைத்தது. உடலின் பெரும்பாலான செல்களில் இது அணைந்தே இருக்கும். ஆனால் சுமார் 90 சதவீதப் புற்றுநோய்களில் மறுபடி விழித்துக்கொள்கிறது. குரல்வளைப் புற்றுநோயும் இதில் அடக்கம்.

ஒன்றைக் கவனிக்கணும்: டெலோமரேஸ் மட்டுமே புற்றுநோயை உண்டாக்குவதில்லை. புகையிலை போன்றவை முதலில் மரபணுவைக் கெடுக்கின்றன. அப்படிக் கெட்ட செல்லுக்கு ஓய்வே இல்லாமல் பிரியும் வசதியைக் கொடுப்பதுதான் டெலோமரேஸின் வேலை. அதனால்தான் ஒரு சில செல்கள் மிச்சம் இருந்தாலும் கட்டி திரும்ப வளர்ந்துவிடுகிறது. ஒரு சின்னத் துணுக்கில் புற்றுசெல் இல்லை என்றால், அந்தத் துணுக்கில் இல்லை என்று மட்டும்தான் அர்த்தம்.

கடைசி நாட்கள்

1888 பிப்ரவரி 9-ல் மூச்சு விடுவதற்காகக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். மார்ச் 9-ல் அப்பா இறக்க, அதே நிலையில் பேரரசரானார். பெரிய சீர்திருத்தம் எதற்கும் நேரம் இல்லை. ஜூன் 15-ல் உயிர் பிரிந்தது. பிரேதப் பரிசோதனை புற்றுநோயை உறுதி செய்தது. 29 வயது மகன் இரண்டாம் வில்ஹெல்ம் ஆட்சிக்கு வந்தார். முதல் உலகப் போருக்குள் ஜெர்மனி நுழைந்தது அவர் காலத்தில்தான். அப்பா பிழைத்திருந்தால் வரலாறு மாறியிருக்குமா என்பது இன்றும் ஓயாத விவாதம்.

நமக்கு என்ன?

இன்றும் நோயை உறுதி செய்வது பயாப்ஸிதான். ரிசல்ட் நார்மல் என்று வந்தும் அறிகுறி தொடர்ந்தால், மறுபடி சோதிப்பது அவசியம். குரல் நாணில் வரும் புற்றுநோயை ஆரம்பத்திலேயே பிடித்தால் லேசர் அல்லது கதிர்வீச்சு மூலம் பெரும்பாலும் குணப்படுத்த முடியும், குரலையும் காப்பாற்றலாம். ஆகவே குரல் கம்மல் மூன்று வாரம் தாண்டியும் சரியாகவில்லை என்றால், மிட்டாய் சப்பிக்கொண்டு காத்திருக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்க. புகைபிடிப்பவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது.