டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல்

வக்கீல் என்னும் குடிப்பெயர் பூண்டிருந்தும் நியாயஸ்தலத்தின் படியேறாது, நோயாளரின் கட்டிலருகே தம் வாழ்நாளைக் கழித்தவர் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல். பம்பாய் மாநகரிலே பார்சி வகுப்பில் 1911-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 17-ஆம் நாள் பிறந்த இவர், இலண்டனில் மருத்துவம் பயின்று தாய்நாடு மீண்டு, பம்பாய் எட்வர்டு மன்னர் ஞாபகார்த்த வைத்தியசாலையில் இருதய நோய்களை ஆராயும் பணியை மேற்கொண்டார். இவரது இளமையை ஈண்டு விரித்தல் வேண்டா. இவர் பெயர் நிலைத்தது ஒரு செடியின் வேரினாலேயாம்.

இரத்தக் கொதிப்பு என நம்மூரார் வழங்கும் நோய் நோவின்றி வளர்வது. மூளையின் குழாய் வெடித்த பின்னரோ, இருதயம் தளர்ந்த பின்னரோதான் பலர் அதனை அறிவர். அந்நாளில் அதற்கு ஏற்ற மருந்தில்லை. உப்பை விலக்குக என்பர். சோறும் பழமுமே உண்க என்பர். சிலர்க்கு நரம்பை அறுத்தும் பார்த்தனர். அமெரிக்க நாட்டுத் தலைவர் ரூஸ்வெல்ட், இந்நோய் முற்றி மூளையில் இரத்தம் கசிந்து 1945 ஏப்ரல் 12-இல் இறந்தார். அத்துணைச் செல்வமிக்க நாட்டின் தலைவர்க்கே மருந்தில்லையெனின், படூரில் ஏர் பிடித்தார்க்கும் கோவளத்தில் வலை வீசினார்க்கும் யாது கதி? கேளம்பாக்கத்து உப்பளங்களைக் கண்டு வளர்ந்த நமக்கு, உப்பை விலக்குக என்னும் விதி எத்துணை அரிதென்பது சொல்லாமலே விளங்கும்.

சர்ப்பகந்தி என்னும் சிறு செடியின் வேரை நம் நாட்டு வைத்தியர் பாம்புக்கடிக்கும் சித்தப்பிரமைக்கும் நெடுங்காலமாக வழங்கிவந்தனர். அவ்வேர் இரத்த அழுத்தத்தைத் தணிக்கும் என்பதைக் கல்கத்தாவில் கணநாத சேனும் கார்த்திக் சந்திர போஸும் 1931-லேயே எழுதினர். ஆகவே, வக்கீலே இதனை முதன்முதற் கண்டார் எனப் புகழ்வது முறையன்று என்பது எம் கருத்து. அவர் செய்தது வேறு. அதனினும் பொறுமை வேண்டுவது. அழுத்தம் மிக்க 50 நோயாளர்க்கு அவ்வேரின் மாத்திரைகளைக் கொடுத்து, கொடுக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை அளந்து குறித்து, அம்முடிவுகளை 1949-இல் ஆங்கில நாட்டு இருதய மருத்துவ ஏட்டில் வெளியிட்டார். கேட்டதை நம்புவாரும் கேளாமலே இகழ்வாரும் மலிந்த காலத்தில், இவர் அளவுகோலையே சாட்சியாகக் கொண்டார். குடிப்பெயர் முற்றும் பொருந்தாது போகவில்லை போலும்!

அதன்பின் பாஸ்டன் நகர வில்கின்ஸ் என்னும் மருத்துவர் அவ்வேரைத் தம் நோயாளரிடம் சோதித்தார். 1952-இல் ஸ்விட்ஸர்லாந்து நாட்டுச் சீபா கம்பெனியார் அதனினின்று ரிசர்பின் என்னும் சத்தைப் பிரித்தெடுத்தனர். நரம்பு முனைகளில் சேர்ந்திருந்து குழாய்களை இறுக்கும் பொருளை அது வற்றச் செய்தலின், குழாய்கள் நெகிழ்ந்து அழுத்தம் தணிகின்றது. குறையும் உண்டு; மிகுதியாக உண்டார் சிலர்க்கு மூக்கடைப்பும் மனச்சோர்வும் உண்டாயின. மருந்தின் கீர்த்தியாற் காடுகளில் அச்செடியும் அருகிற்று.

அமெரிக்க லாஸ்கர் பரிசு 1957-இலும், பத்மபூஷண் விருது 1958-இலும், பட்நாகர் பரிசு 1965-இலும் வக்கீலை நாடி வந்தன. 1974 நவம்பரில் அவர் காலஞ்சென்றார். புது மருந்துகள் வந்த பின் ரிசர்பின் பின்னிடம் பெற்றது. எனினும், 1991-இல் முடிவு வெளியான அமெரிக்கப் பேராராய்ச்சியில், முதல் மருந்து போதாத முதியோர் சிலர்க்கு அதுவும் துணையாக அளிக்கப்பட்டது. அவ்வாராய்ச்சியில் மருந்துண்டார்க்குப் பக்கவாதம் நூற்றுக்கு 36 பங்கு குறைந்தது.