செம்பைக் காக்க முயன்ற செம்மல்

செம்பிற் களிம்பு என்னும் உவமையைக் கேளாத சைவ மாணாக்கர் இலர். களிம்பேறிய செம்பைப் புளியிட்டு விளக்குதல் நம் அன்னையர் வழக்கம். விளக்கிய செம்பும் சின்னாளில் மீண்டும் மங்கும். செம்பு கெடாமலே தடுத்தல் கூடுமோ என ஆராய்ந்து வழிகண்டவர் சேர் ஹம்பிறி டேவி என்னும் ஆங்கில இரசாயன அறிஞராவர்.

இவர் 1778 ஆம் ஆண்டு டிசெம்பர் 17 ஆம் நாள் பென்சான்ஸ் என்னும் ஊரிற் பிறந்தார். மரச்சிற்பியாகிய தந்தையார் 1794 இல் கடன்சுமையை விட்டு இறந்தார். மைந்தர் மறுவருடம் ஒரு வைத்தியரிடம் தொழில் பயிலப் புகுந்தார். பல்கலைக்கழகத்திற் பயிலாத அவ்விளைஞர் தம் முயற்சியால் உயர்ந்து, 1807 இல் மின்னோட்டத்தைக் கொண்டு பொற்றாசியம், சோடியம் ஆகிய உலோகங்களைப் பிரித்தெடுத்தார். 1815 இல் சுரங்கத் தொழிலாளரின் உயிர்காக்கும் விளக்கை அமைத்து, அதற்குத் தனியுரிமை பெறாது உலகுக்கு ஈந்தார்.

அக்காலத்து மரக்கப்பல்களின் அடியைப் புழு துளைக்காவண்ணம் செப்புத் தகட்டாற் போர்த்தனர். உப்புநீர் அத்தகட்டை அரித்தது. பிரித்தானியக் கடற்படையினர் 1823 இல் டேவியின் உதவியை நாடினர். உப்புநீரில் இரு உலோகங்கள் தொட்டு நிற்பின், தாக்கம் மிக்கது கரைய, மற்றையது பிழைக்கும் என அவர் தெளிந்தார். செம்பின் பரப்பில் நூற்றைம்பதில் ஒரு பங்கு துத்தநாகமோ இரும்போ பொருத்தினாற் போதும் என 1824 இல் அறிவித்தார்.

செம்பு அரிபடாது நின்றது. ஆயின், கப்பலடியிற் பாசியும் சிப்பியினங்களும் செறிந்து பற்றின. கரைந்த செம்பே அவற்றுக்கு நஞ்சாக இருந்தது. கரைதல் நின்றதும் அக்காவலும் நீங்கிற்று. கப்பல்களின் வேகம் குன்றவே, கடற்படையினர் அவ்வமைப்பைக் கைவிட்டனர். டேவி ஏளனத்துக்கு ஆளானார். பின்னர் உடல்நலங் குன்றி, 1829 ஆம் ஆண்டு மே 29 ஆம் நாள் ஜெனீவாவில் ஐம்பதாவது வயதிற் காலமானார்.

அவர் கண்ட விதியோ மடியவில்லை. இன்று உருக்குக் கப்பல்களையும் நிலத்தடிக் குழாய்களையும் காப்பது அவ்விதியே. முல்லைத்தீவுக் கரையிற் கடலோடும் படகு இயந்திரமொன்றை உற்றுநோக்கும் மாணவன், உப்புநீர் படும் இடத்தில் துத்தநாகத் துண்டு பொருத்தியிருக்கக் காணலாம். உப்புநீராற் குளிரூட்டப்படும் செப்புக் குழாய்களையும் அத்தகைய துண்டே தான் தேய்ந்து காக்கின்றது. நீர்க்குழாயிற் செம்போடு இரும்பை நேரே பூட்டின், இரும்பே முந்திக் கெடும் என்பதையும் இவ்விதியால் அறிக.

மாணாக்கர்காள்! ஓரிடத்திற் பயன்படாத உண்மை பிறிதோரிடத்தில் உலகைத் தாங்கும். ஆதலின், தோல்வி கண்டு ஆராய்ச்சியைக் கைவிடற்க.