நிக்கோலா டெஸ்லா

இன்று குரோஷியாவிலுள்ள ஸ்மிலியான் என்னும் சிற்றூரில் 1856-ஆம் ஆண்டு பிறந்த நிக்கோலா டெஸ்லா, 1884-இல் அமெரிக்கா சேர்ந்தார். 1898-இல் நியூயார்க் கண்காட்சியொன்றில், நீர்த்தொட்டியில் சிறு படகொன்றை மிதக்கவிட்டார். அதற்குக் கம்பித் தொடர்பு ஏதுமில்லை. அவர் எட்ட நின்று விசையைத் திருப்பினார். வானொலி அலை படகை அடைந்தது, உள்ளிருந்த கருவி அதனை உணர்ந்து, மின்கலத்தை மோட்டாருடன் இணைத்தது, சுக்கான் திரும்பிற்று! அலை சுமந்தது கட்டளையை மட்டுமே. இயக்கும் ஆற்றலோ படகிலேயே இருந்தது. நுட்பம் இதில்தான் உளது. இணையவழி வரும் ஆணையை ஏற்று, நுண்கட்டுப்படுத்தி சிறு மோட்டாரைச் சுழற்றுவதும் இம்முறையிலேயே. அவ்வாண்டு நவம்பரில் காப்புரிமை கிடைத்தது. ஆயினும் படைத்துறையினர் படகை வாங்க முன்வந்திலர். 1943-இல் நியூயார்க் விடுதி அறையொன்றில், கையில் பொருளின்றித் தனியராய் டெஸ்லா இறந்தார்.