அனுபவமும் துணிவும்: விமானி எக்சுபெரியின் வாழ்க்கை

முன்னுரை

விமானம் ஓட்டுதல் ஓர் அரிய கலை. ஆண்டுகள் செல்லச் செல்ல அக்கலையில் கை தேர்ச்சி பெறுகிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும், கை தேர்வது போலவே முடிவெடுக்கும் அறிவும் தானாகத் தேர்ந்துவிடுகிறதா? நூறு முறை இடரிலிருந்து தப்பிய விமானி, நூற்றோராவது முறை கூடுதல் விழிப்புடன் இருப்பாரா? அன்றித் தமக்கு எதுவும் நேராது என்று எண்ணிவிடுவாரா? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் உற்று நோக்கத்தக்க வாழ்க்கை ஒன்று உண்டு. பிரெஞ்சு எழுத்தாளரும் விமானியுமான அந்துவான் து செந்த் எக்சுபெரியின் வாழ்க்கையே அது. 'குட்டி இளவரசன்' என்னும் பெயரில் தமிழிலும் வெளிவந்துள்ள சிறு நூலின் ஆசிரியர் என்றே நம்மில் பலர் அவரை அறிவோம். ஆனால் அவர் எழுத்தாளராகப் பெயர் பெறுமுன்னரே விமானியானவர், விமானியாகவே மறைந்தவர். அவருடைய துணிவும் தீர்மானிக்கும் திறனும் காலந்தோறும் எவ்வாறு மாறின என்பதை ஈண்டுக் காண்போம்.

இளமைத் துணிவு

எக்சுபெரி 1900ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் பிரான்சு நாட்டின் லியோன் நகரில், பழைய பிரபு குடும்பம் ஒன்றில் பிறந்தார். நான்கு வயது நிரம்புமுன்னரே தந்தையை இழந்தார். அன்னையின் அரவணைப்பில் வளர்ந்த அவர், தம் பன்னிரண்டாம் வயதில், 1912இல், ஆம்பெரியு விமானத் திடலில் முதன்முதலாக வானில் பறந்தார். விமானம் தோன்றிப் பத்தாண்டுகூட ஆகாத காலம் அது.

கடற்படைக் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் தோல்வியுற்ற எக்சுபெரி, 1921இல் படைப் பணிக்காக ஸ்ட்ராஸ்பூர் நகரின் விமானப் படைப்பிரிவில் சேர்ந்தார். அங்கு அவருக்குக் கிடைத்தது தரைப்பணியே. மனம் தளராமல் தம் செலவிலேயே விமானம் ஓட்டக் கற்று, உரிமமும் பெற்றார். 1923இல் பாரிசை அடுத்த லெ பூர்ஜே திடலில் அவர் ஓட்டிய விமானம் விழுந்து நொறுங்கியது. மண்டையோட்டில் முறிவு ஏற்பட்டது. அவர் மணக்க இருந்த பெண்ணின் குடும்பத்தார், பறப்பதைக் கைவிடுமாறு வற்புறுத்தினர். அதன்பின் ஓடு செய்யும் நிறுவனத்தில் கணக்கு எழுதியும், சுமையுந்து விற்கும் முகவராக ஊர் ஊராகச் சுற்றியும் மூன்றாண்டுகளைக் கழித்தார்.

இப்பருவத்தில் அவரிடம் இருந்தது ஆர்வம், இல்லாதது அளவறிதல். புதியவர்கள் இடரைக் காணாமலே இடருக்குள் புகுகின்றனர். அது வீரமன்று, அறியாமை துணிவின் உடையில் வருவதேயாகும்.

அஞ்சல் தடம் தந்த பாடம்

1926ஆம் ஆண்டு அவருடைய வாழ்வின் திருப்புமுனை எனலாம். துலூஸ் நகரில் லத்தெகொயர் நிறுவனம் ஸ்பெயின் வழியாக ஆப்பிரிக்காவின் டாக்கார் வரை விமான அஞ்சல் நடத்தி வந்தது. அங்குப் பொறுப்பாளராக இருந்தவர் திதியே தொரா. முதல் உலகப் போரில் களம் கண்டவர். கண்டிப்புக்குப் பெயர் பெற்றவர். புதிதாக வந்த விமானியை அவர் உடனே வானுக்கு அனுப்பவில்லை. உரிமம் பெற்றவராயிற்றே என்று பாராமல், பொறிவினைஞர்களோடு சேர்ந்து எஞ்சின்களைக் கழற்றித் துடைக்கும் பணியில் அமர்த்தினார். இயந்திரத்தின் உள்ளுறுப்பை அறியாதவர் அதன் குரலை அறியார் என்பது அப்பணியின் பொருள்.

முதல் அஞ்சல் பயணத்துக்கு முன்னிரவில் மூத்த தோழர் கியோமே அவருக்குக் கற்பித்த பாடம் இன்னும் நுட்பமானது. ஸ்பெயின் நாட்டின் வரைபடத்தை விரித்த கியோமே, நகரங்களையும் மலைகளையும் பற்றி மிகுதியாகப் பேசவில்லை. எஞ்சின் நின்றுபோய் வயலில் இறங்க நேர்ந்தால் அவ்வயலின் ஓரத்தில் மோதக்கூடிய மரங்கள் எவை, புல்லுக்குள் மறைந்து ஓடும் ஓடை எது, ஆட்டு மந்தை குறுக்கிடும் சரிவு எது என்பனவற்றையே ஒவ்வொன்றாகக் காட்டினார். புவியியல் நூல்கள் சொல்லாத அச்செய்திகளை எக்சுபெரி தம் வரைபடத்தில் குறித்துக்கொண்டார். அனுபவம் என்பது பறந்த மணிக்கணக்கு மட்டும் அன்று. இடர் எங்கே ஒளிந்திருக்கிறது என்ற அறிவு என்பதையும், அவ்வறிவு ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கைமாறக்கூடியது என்பதையும் இந்நிகழ்ச்சியால் அறிகிறோம்.

அக்காலத்து பிரெகே 14 வகை விமானங்களில் விமானி திறந்த வெளியில் அமர்ந்தே ஓட்ட வேண்டும். எஞ்சின் எந்நேரத்திலும் நின்றுவிடலாம். சகாராவின் கரையோரம் இறங்கிய விமானிகள் சிறைப்பட்டதும் உயிரிழந்ததும் உண்டு. எனவே அத்தடத்தில் இரண்டு விமானங்கள் இணைந்தே செல்லும் முறை இருந்தது. ஒன்று இறங்க நேர்ந்தால் மற்றது உதவும். 1927இல் எக்சுபெரி கேப் ஜூபி நிலையத்தின் தலைவரானார். ஒருபுறம் கடல், மறுபுறம் மணல் என அமைந்த அத்தனிமையில் ஏறத்தாழ பதினெட்டு மாதங்கள் வாழ்ந்தார். அண்டையில் வாழ்ந்த மூர் இன முஸ்லிம்களோடு பழகினார். பாலைவனத்தில் சிக்கிய விமானிகளை மீட்டு வந்தார். இப்பணிக்காக 1930இல் பிரான்சு அரசு அவருக்கு லெஜியன் விருது வழங்கியது.

1929இல் அர்ஜென்டினா சென்று, அங்கு அஞ்சல் விமானப் பணியின் பொறுப்பேற்று, காற்று கடுமையாக வீசும் பத்தகோனியா வரை தடத்தை நீட்டித்தார். 1930 ஜூன் மாதம் கியோமே ஆண்டீஸ் மலையில் பனிப்புயலில் சிக்கிக் காணாமற்போனபோது, எக்சுபெரி மலையெங்கும் பறந்து தேடினார். கியோமேயோ ஐந்து பகல் நான்கு இரவு பனியில் நடந்து, தாமே உயிர் மீண்டு வந்தார்.

இவ்வாண்டுகளில் எக்சுபெரி ஏற்ற இடர்கள் சிறியன அல்ல. ஆயினும் அவை எல்லைக்குட்பட்ட இடர்கள். எப்போது புறப்படுவது, எவ்வளவு சுமை ஏற்றுவது, யார் துணை வருவது என்பனவற்றில் அவர் தனியொருவராக முடிவு செய்யவில்லை. அவருடைய துணிவுக்குக் கரை கட்டியது அந்த அமைப்பு.

புகழும் விபத்துகளும்

1931இல் அவருடைய 'இரவுப் பயணம்' என்னும் புதினம் ஃபெமினா பரிசு பெற்றது. அதே ஆண்டு அஞ்சல் நிறுவனம் நிதி நெருக்கடியில் வீழ்ந்தது. தடத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விலகிய எக்சுபெரி இப்போது புகழ் பெற்றவர், அனுபவம் மிக்கவர். ஆனால் தனியர். இதன்பின் வந்த ஆண்டுகளின் நிகழ்ச்சிகள் நம்மைச் சிந்திக்க வைக்கின்றன.

1933 டிசம்பரில் சென் ரஃபாயெல் விரிகுடாவில் கடல் விமானம் ஒன்றைச் சோதித்து இறக்கும்போது அது கவிழ்ந்தது. நீர் நிறைந்த அறையிலிருந்து மயிரிழையில் தப்பினார்.

1935 டிசம்பரில் பாரிசிலிருந்து சைகோன் வரை விரைந்து பறந்து சாதனை படைப்போருக்கு 1,50,000 பிராங்கு பரிசு காத்திருந்தது. ஆண்டு முடிவதற்குள் செய்தாக வேண்டும். கடன் சுமையில் இருந்த எக்சுபெரி, பொறிவினைஞர் பிரெவோவுடன் டிசம்பர் 29ஆம் நாள் புறப்பட்டார். ஏற்பாடுகள் அவசர அவசரமாக நடந்தன. சுமையைக் குறைத்து எரிபொருளைக் கூட்டுவதற்காக வானொலிக் கருவியை எடுத்துச் செல்லவில்லை. அதனால் வழியில் காற்று மாறியதையும் காற்றழுத்தம் மாறியதையும் அறிய வழியில்லாது போயிற்று. நைல் ஆற்றைக் கடந்திருப்போம் என்று கருதி, நகர விளக்குகளைத் தேடி இருளில் மேகத்துக்குக் கீழே இறங்கினார். மணிக்கு ஏறத்தாழ 270 கிலோமீட்டர் வேகத்தில் விமானம் பாலைவன மேட்டில் மோதியது. இருவரும் உயிர் பிழைத்தது வியப்பே. தண்ணீர் மணலில் கொட்டிப்போயிற்று. நீரின்றி நாவறண்டு, கானல் நீரைக் கண்டு மயங்கி அலைந்த அவர்களை நான்காம் நாள் பாலைவன அரபியர் ஒருவர் கண்டு, தண்ணீர் அளித்துக் காப்பாற்றினார். பெயர் அறியாத அம்மனிதரின் முகத்தில் மனிதகுலம் முழுவதையும் கண்டதாக எக்சுபெரி பின்னர் நன்றியோடு எழுதினார்.

இத்தகைய அனுபவத்துக்குப் பின்னும் 1938 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து தென்னமெரிக்காவின் தென்கோடி வரை பறக்கும் முயற்சியில் இறங்கினார். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள குவாத்தமாலா நகரில் எரிபொருள் அளவுக்கு மீறி நிரப்பப்பட்டது. உயரத்தில் காற்று அடர்த்தி குறையும். இறக்கைகளுக்குத் தாங்கும் ஆற்றல் குறையும். எஞ்சினுக்கும் வலிமை குறையும். மேலெழ முடியாத விமானம் ஓடுபாதையின் முடிவில் நொறுங்கியது. பல எலும்புகள் முறிந்தன. அதன் விளைவுகள் இறுதிவரை அவர் உடலை விட்டு நீங்கவில்லை.

திருக்குறளில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் அதிகாரங்கள் அடுத்தடுத்து வருவதை நாம் அறிவோம். பாரிசுப் புறப்பாட்டில் காலமும், குவாத்தமாலாவில் வலியும் இடனும் பிழைத்தன. கைத்திறன் குறைந்ததால் நேர்ந்தவை அல்ல இவ்விரண்டும். புறப்படுமுன் தரையில் எடுத்த முடிவுகளால் நேர்ந்தவை.

அனுபவம் செய்யும் மாற்றம்

புதிய விமானி பெரும்பாலும் செயலில் தவறுகிறார். தேர்ந்த விமானி பெரும்பாலும் தீர்மானத்தில் தவறுகிறார். முன்னவருக்கு இடர் தெரிவதில்லை. பின்னவருக்கு இடர் தெரிகிறது. ஆனால் பலமுறை தப்பியதால் அதன் எடை குறைவாகத் தோன்றுகிறது. இன்று அமெரிக்கக் கூட்டாட்சி வானூர்தி நிர்வாகத்தின் பயிற்சி நூல்கள், விமானி தம்மிடம் கண்டு களைய வேண்டிய ஐந்து மனப்போக்குகளை எடுத்துரைக்கின்றன. விதியை மதியாமை, அவசரம், தமக்கு நேராது என்னும் எண்ணம், வீரம் காட்டும் விருப்பம், நடப்பது நடக்கட்டும் என்று கைவிடுதல் என்பன அவை. இவற்றுள் எதுவும் அனுபவத்தால் மட்டும் ஒழிவதில்லை. சில வேளை அனுபவமே அவற்றுக்கு உரமாகிறது.

இதற்கு எக்சுபெரி மட்டும் சான்றல்லர். அவருடைய தோழரும் பிரான்சின் புகழ்மிகு விமானியுமான மெர்மோஸ், 1936 டிசம்பர் 7ஆம் நாள் டாக்காரிலிருந்து தென் அட்லாண்டிக்கைக் கடக்கப் புறப்பட்டார். பலமுறை கடந்த கடல் அது. விமான விசிறியில் கோளாறு கண்டு திரும்பி வந்தவர், முழுமையாகச் சரிசெய்யக் காத்திராமல் மீண்டும் புறப்பட்டார். பின்புற எஞ்சின் ஒன்றை நிறுத்துவதாக ஒரு செய்தி வந்தது. அதன்பின் எச்செய்தியும் வரவில்லை. திரும்பி வந்தது அனுபவத்தின் அறிவு. மீண்டும் விரைந்தது அனுபவத்தின் செருக்கு என்று கூறத் தோன்றுகிறது.

இறுதிப் பயணம்

இரண்டாம் உலகப் போரில் எக்சுபெரி உளவு விமானப் பிரிவில் பணிபுரிந்தார். 1940 மே மாதம் அராஸ் நகர்மீது அவர் பறந்த பயணம், பயன் சிறிது என்று தெரிந்தும் கடமைக்காக மேற்கொண்டதாகும். பிரான்சு வீழ்ந்தபின் அமெரிக்கா சென்றார். 1943இல் 'குட்டி இளவரசன்' அங்கு வெளிவந்தது. அதே ஆண்டு வட ஆப்பிரிக்கா வந்து, தம் பழைய படைப்பிரிவில் மீண்டும் சேர்ந்தார். அமெரிக்கரின் பி-38 வகை விமானத்துக்கு அவர் வயது மிகுந்தவர். பழைய முறிவுகளால் பறக்கும் உடையைத் தாமே அணிய முடியவில்லை. பகை விமானத்தைக் காணக் கழுத்தை நன்கு திருப்பவும் இயலவில்லை. இரண்டாம் பயணத்திலேயே ஓடுபாதையைக் கடந்து ஓடி விமானம் சேதமுற, பறக்கத் தடை விதிக்கப்பட்டது. விடாது முயன்று 1944இல் ஐந்து பயணங்களுக்கு மட்டும் அனுமதி பெற்றார். அவ்வெல்லையையும் கடந்து பறந்தார். அவரைக் காக்க எண்ணிய தோழர்கள், தென் பிரான்சில் நடக்கவிருந்த படையிறக்கத்தின் இரகசியத்தை அவருக்குத் தெரிவித்துவிடத் திட்டமிட்டனர். இரகசியம் அறிந்தவரைப் பகைவர் பகுதிக்கு அனுப்பக் கூடாது என்பது விதி. அத்திட்டம் நிறைவேறுமுன், 1944 ஜூலை 31ஆம் நாள் காலை கோர்சிகாத் தீவிலிருந்து புறப்பட்டவர் திரும்பவில்லை. மார்செய் நகருக்கு அப்பால் கடலில் கிடந்த சிதைவுகள் அவருடைய விமானத்தினுடையவை என 2004இல் உறுதி செய்யப்பட்டன. வீழ்ந்த காரணம் மட்டும் உறுதியாகவில்லை.

இவ்விறுதித் துணிவை எவ்வாறு மதிப்பிடுவது? இளமையின் அறியாமை இதில் இல்லை. பரிசின் ஆசையும் இல்லை. இடரை முற்றும் அறிந்தே ஏற்றார். அடிமைப்பட்ட நாட்டின் மைந்தர் வேறெங்கும் இருக்க மனம் கொள்ளவில்லை. அதே வேளை, கடைசிக் கடிதங்களில் உயிர்மீது பற்றின்மையும் தெரிகிறது. தியாகமும் சோர்வும் இவ்வாறு ஒன்றாய்க் கலந்திருக்கும் உள்ளத்துக்கு முன் நாம் தீர்ப்புக் கூறத் தயங்குகிறோம்.

முடிவுரை

எக்சுபெரியின் வாழ்க்கையால் நாம் பெறும் செய்தி ஒன்றுண்டு. அவருடைய மிகச் சிறந்த தீர்மானங்கள், அவர் மிகுந்த அனுபவம் பெற்ற காலத்தில் அமையவில்லை. தம்மைக் கேள்வி கேட்கும் மேலாளரும், வயல் ஓரத்து மரத்தை நினைவூட்டும் தோழரும், அருகில் பறக்கும் இன்னொரு விமானமும் இருந்த காலத்தில்தான் அமைந்தன. அனுபவம் திறனைத் தரும். அளவை நினைவூட்டப் பிறர் வேண்டும். இது விமானிக்கு மட்டும் உரிய உண்மை அன்று. மருத்துவரும் ஆசிரியரும் ஆட்சியாளரும் தேர்ச்சியின் உச்சியில் நிற்கும்போதே, தம்மைத் தடுத்துச் சொல்வார் அருகில் உளரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நாளை பல துறைகளுக்குச் செல்லவிருக்கும் நம் மாணவர்கள் இதனை உளங்கொள்வார்களாக.