குளச்சல் தந்த வலிய கப்பித்தான்

மாலை வேளையில் குளச்சல் கடற்கரைக்குச் சென்றால் வள்ளங்கள் வரிசையாகக் கரையேறிக் கிடப்பதைக் காணலாம். ஒருபுறம் மீன் ஏலம். ஏலம் விடுபவரின் குரல் அலையோசையையும் மீறி எழும். வலையின் கிழிசலைத் தைத்தபடியே பெரியவர்கள் ஊர்க்கதை பேசுவார்கள். கடலுக்குள் தலைநீட்டி நிற்கும் பாறைகளுக்கு அப்பால் கதிரவன் இறங்குவான். அலையின் வேகத்தைத் தணித்து இவ்வூரை இயற்கைத் துறைமுகமாக்கியவை இப்பாறைகளே. இத்துறைமுகத்தில் போரிட வந்து, பின்னர் இம்மண்ணிலேயே மறைந்த டிலனாயைப் பற்றி எழுத விழைகிறேன்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வேண்டியது மிளகு. அவ்வணிகத்தில் குறுக்கே நின்றவர் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மர். 1741-இல் குளச்சலில் இறங்கிய டச்சுப் படை ஆகஸ்டு மாதத்தில் தோற்றுச் சரணடைந்தது. கைதியானவர்களுள் டிலனாயும் ஒருவர். அவரை டச்சுப் படையின் தலைமைத் தளபதி என்று பலரும் சொல்வது மிகை. 1715-இல் பிறந்த இளைஞர் அவர், அவ்வளவே.

மன்னர் அவரைக் கொல்லவில்லை. தம் படைக்குப் பயிற்சி தரப் பணித்தார். தக்கலைக்கு அருகிலுள்ள உதயகிரிக் கோட்டையை அவர் வலுப்படுத்தினார்; அங்கே பீரங்கிகள் வார்க்கப்பட்டன. நாளடைவில் வலிய கப்பித்தான் என்ற பெரும்பதவியும் வந்தது.

இனி நான் சொல்வது கோட்டாற்றுக்காரர்களாகிய நமக்கு நெருக்கமானது. அரண்மனை அலுவலராக இருந்த நீலகண்ட பிள்ளைக்குக் கிறித்தவ சமயத்தை அறிமுகப்படுத்தியவர் இந்த டிலனாய்தான். 1745-இல் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் பிள்ளையானவர் பின்னர் சிறைப்பட்டார். 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் உடல் நம் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 2022-இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். நண்பர் சிறையில் வாடிய அந்த ஆண்டுகளிலும் கப்பித்தான் அதே மன்னரிடம்தான் பணியாற்றினார். அதன் பின்னும் பணியை விடவில்லை.

இதைக் கோழைத்தனம் என்கிறான் என் வகுப்புத் தோழன் ஒருவன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் தந்தை கோட்டாறு கம்போளத்தில் சுமை தூக்குகிறவர். கூலியைக் குறைத்துக் கொடுத்த முதலாளியிடம் ஒரு சொல் எதிர்த்துப் பேசாமல் அவர் மென்று விழுங்கியதை நான் கண்டிருக்கிறேன். அன்று வீட்டில் உலை வைத்தாக வேண்டும். கொடி தூக்கி வந்த கடலே கைவிட்டபின், பிறர் அரிசியை உண்டு வாழ்ந்த அயல்நாட்டுக் கைதிக்கு நாக்கு எளிதில் எழுந்திருக்குமா?

மார்த்தாண்ட வர்மர் 1758-இல் காலமான பிறகும் அடுத்த மன்னருக்காக வட எல்லையில் நெடுங்கோட்டையை வலுப்படுத்தினார் டிலனாய். மகன் யோவான் போர்க்களத்தில் இளம் வயதிலேயே மாண்டார். தந்தை 1777 சூன் 1 அன்று உதயகிரியில் இறந்தார். கோட்டைக்குள் இடிந்து கிடக்கும் சிற்றாலயத்தில் மனைவியும் மகனும் அருகிருக்க அவர் உறங்குகிறார். கல்லறைக் கல்லில் இலத்தீன் எழுத்துக்களோடு நம் தமிழும் பொறிக்கப்பட்டிருக்கிறது.