கஷாபா ஜாதவ் – மண் கோதாவிலிருந்து ஹெல்சிங்கி வரை

மிங்கலாடோனில் நான் குடியிருக்கும் தெருவில் மாலை வேளைகளில் பையன்கள் பிரம்புப் பந்தை வைத்துச் சின்லோன் ஆடுவார்கள். மழை பெய்து தரை சேறாகிவிட்டால் பந்தை ஓரமாய்ப் போட்டுவிட்டு ஒருவரையொருவர் கட்டிப் புரட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அப்படி ஒரு நாள் உடம்பெல்லாம் சேறாக வந்து நின்ற பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பையன், ஒலிம்பிக் குஸ்தியில் இந்தியாவுக்கு முதல் மெடல் வாங்கியது யார் மாமா என்று கேட்டான். நான் வாய் திறப்பதற்குள் சுஷில் குமார் என்று அவனே சொல்லியும் விட்டான். இல்லை தம்பி, அவருக்கு 56 வருஷம் முன்பே ஒருவர் வாங்கிவிட்டார் என்று ஆரம்பித்தேன். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

அவர் பெயர் கஷாபா தாதாசாகேப் ஜாதவ். மகாராஷ்டிரத்தில் சதாரா மாவட்டம், கராடுக்குப் பக்கத்தில் உள்ள கோலேஷ்வர் கிராமத்தில் 1926 ஜனவரி 15 அன்று பிறந்தார். அப்பா தாதாசாகேப்பும் ஒரு பயில்வான்தான். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி இவர். குட்டையான, மெலிந்த உடம்பு. அந்தப் பக்கத்துக் கோதாக்களில் மலைபோல் நிற்கும் பயில்வான்களுக்குத்தான் மதிப்பு. பலத்தை நம்ப முடியாத ஜாதவ் வேகத்தையும் பிடிகளையும் நம்பினார். 1942 போராட்டத்தின்போது தலைமறைவாக இருந்தவர்களுக்கு உதவியதாகவும் அவர் வரலாற்றில் வருகிறது.

கராட் திலக் பள்ளியில் படித்துவிட்டுக் கோலாப்பூர் ராஜாராம் கல்லூரிக்குப் போனார். கோலாப்பூர் என்றால் நமக்குச் செருப்பு நினைவுக்கு வரும். வடக்கே குஸ்திதான் நினைவுக்கு வரும். கோலாப்பூர் மகாராஜாவின் பண உதவியோடு 1948-ல் லண்டன் ஒலிம்பிக்குக்குப் போனார். அதுவரை அவர் மல்லுக்கட்டியதெல்லாம் மண்ணில். அங்கே மெத்தை விரிப்பு. மண்ணில் கால் பதியும், மெத்தையில் வழுக்கும். சர்வதேச விதிகளும் வேறு. இருந்தும் 52 கிலோ பிரிவில் ஆஸ்திரேலியரையும் அமெரிக்கரையும் தோற்கடித்து, ஈரானின் மன்சூர் ரயீசியிடம் தோற்று, ஆறாவது இடத்தில் முடித்தார். மெத்தையைக் கண்டே பழகாத ஒருவருக்கு அது பெரிய விஷயம் என்பேன்.

அடுத்த நான்கு ஆண்டுகள் எடை கூட்டி 57 கிலோ பிரிவுக்கு மாறிப் பயிற்சி செய்தார். 1952 ஹெல்சிங்கிக்கு ஆள் எடுத்தபோது தகராறு வந்தது. மதராஸில் நடந்த தேசியப் போட்டியில் வேண்டுமென்றே ஒரு புள்ளி குறைத்துவிட்டார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. நம் ஊரில் நடந்த சங்கதி என்பதால் இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சற்றுச் சங்கடமாகவே இருக்கும். அவர் பாட்டியாலா மகாராஜாவிடம் முறையிட்டார். மறுபடி மோத வாய்ப்புக் கிடைத்து, நிரஞ்சன் தாஸை வென்று அணியில் இடம் பிடித்தார்.

இடம் கிடைத்தது, பயணத்துக்கும் சாப்பாட்டுக்கும் பணமில்லை. ஊர்க்காரர்கள் வீடு வீடாய்ப் பிரித்துக் கொடுத்தார்கள். கல்லூரி முதல்வர் கர்டிகர் தம் வீட்டையே 7000 ரூபாய்க்கு அடமானம் வைத்துக் கொடுத்தார். மாணவனுக்காக வீட்டை அடகு வைத்த வாத்தியாரைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

ஹெல்சிங்கிக்குப் பர்மாவும் ஆள் அனுப்பியிருந்தது. பின்னாளில் லெத்வே சண்டைக்கு நவீன விதிமுறைகள் வகுத்த சா பா நியேன் அங்கே குத்துச்சண்டையில் இறங்கியவர். இதைச் சொன்னதும் பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

ஜாதவ் கனடா, மெக்சிகோ, ஜெர்மனி வீரர்களை வென்றார். பிறகு எதிரே வந்தவர் ஜப்பானின் ஷோஹாச்சி இஷீ. ஜூடோவிலிருந்து மல்யுத்தத்துக்கு வந்தவர், கடைசியில் தங்கமும் அவருக்குத்தான். நீண்ட நேரம் நீடித்த அந்தப் பிடியில் ஜாதவ் தோற்றார். களைப்பு ஆறுமுன்பே சோவியத் வீரர் ரஷீத் மமத்பெயோவோடு மோதச் சொல்லிவிட்டார்கள். இரண்டு போட்டிகளுக்கு நடுவே அரை மணி நேர ஓய்வு தர வேண்டும் என்பது விதி. அதை எடுத்துச் சொல்ல அந்த நேரத்தில் இந்திய அதிகாரி ஒருவரும் அங்கே இல்லை. தோற்றார், வெண்கலம் கிடைத்தது. ஓய்வு கிடைத்திருந்தால் தங்கம்தான் என்று சிலர் எழுதுகிறார்கள். இஷீயிடமும் தோற்றிருக்கிறாரே, அதனால் நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். வெள்ளிக்கு வாய்ப்பு இருந்தது என்பது வரை ஒப்புக்கொள்வேன்.

1952 ஜூலை 23-ல் கிடைத்த அந்த வெண்கலம், சுதந்திர இந்தியாவுக்குத் தனிநபர் ஒருவர் வாங்கிய முதல் ஒலிம்பிக் பதக்கம். அடுத்தது 1996-ல் லியாண்டர் பயஸ் வாங்கியது. நடுவே 44 வருஷம்!

ஊர் அவரைக் கொண்டாடியது. 151 மாட்டு வண்டிகள் ஊர்வலமாக வந்ததாகச் சொல்வார்கள். அரசாங்கம் அந்த அளவு கொண்டாடவில்லை. 1955-ல் போலீசில் சப் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தவர், பதவி உயர்வு இல்லாமல் பல வருஷம் காத்திருந்து, உதவி கமிஷனராக ஓய்வு பெற்றார். முழங்கால் காயத்தால் 1956 ஒலிம்பிக்குக்கும் போக முடியவில்லை. 1984 ஆகஸ்ட் 14 அன்று சாலை விபத்தில் இறந்தார். அர்ஜுனா விருது அவர் இறந்து பதினாறு வருஷங்களுக்கும் மேலான பிறகுதான் வந்தது. 2010 காமன்வெல்த் போட்டிகளின்போது டெல்லியில் மல்யுத்த அரங்குக்கு அவர் பெயரை வைத்தார்கள். பத்ம விருது மட்டும் அவர் பெயரில் இல்லை.

பையனுக்கு விருது, அரங்கு எதுவும் மனதில் ஏறியதாகத் தெரியவில்லை. அந்த வாத்தியார் வீடு என்ன ஆச்சு மாமா என்றுதான் கேட்டான். ஊர் திரும்பிய ஜாதவ் குஸ்திப் போட்டிகள் ஏற்பாடு செய்து, தாமும் கோதாவில் இறங்கி, வசூலான பணத்தில் அடமானத்தை மீட்டுக் கொடுத்துவிட்டார் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு மறுபடி சேற்றுக்கு ஓடினான்.