மெத்தடோன் சிகிச்சை: போதைப்பித்தரை நோயாளியாகப் பார்த்த மேரி நைஸ்வாண்டர்

காலையில் சில அரசாங்கக் கிளினிக்குகளில் இந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருக்கலாம். மருந்தாளர் முன்னால் நின்று, சிறு கோப்பையில் கொடுக்கும் மருந்தைக் குடித்துவிட்டுச் சிலர் நேரா வேலைக்குக் கிளம்பிடுவாங்க.

அந்த மருந்துதான் மெத்தடோன். மலேசியாவில் ஹெராயின் பழக்கத்துக்கு 2005-இல் இந்தச் சிகிச்சை தொடங்கியது. ஆனால், அதன் கதை ஆரம்பித்தது அமெரிக்காவில்.

யார் இவர்?

மேரி நைஸ்வாண்டர் 1919-இல் நெவாடா மாநிலத்தில் பிறந்தவர். அறுவை மருத்துவராகக் கடற்படையில் சேர விரும்பினார். பெண் என்பதால் அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை.

அதற்குப் பதிலாக, கென்டக்கியின் லெக்சிங்டன் நகரில் போதைப்பித்தர்களுக்கான மத்திய அரசு மருத்துவமனைக்குப் போனார். பேர்தான் மருத்துவமனை. உள்ளே பாதி சிறை. நோயாளிகள் நடத்தப்பட்ட விதம் அவரை உலுக்கியது.

பிறகு மனநல மருத்துவரானார். போதைக்கு அடிமையானவரும் ஒரு நோயாளிதான் என்று 1956-இல் புத்தகமே எழுதினார்.

எங்கே சிக்கல்?

நியூயார்க்கின் ஏழைப் பகுதியான கிழக்கு ஹார்லமில் பலருக்கு மனநலச் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார். ஆனால் போதையை விட்டவர்களில் பெரும்பாலோர் மீண்டும் அதற்கே திரும்பினார்கள். மனவுறுதி இல்லாததுதான் காரணமா? இல்லை, உடம்பே கேட்குதா?

அந்தக் கேள்வியோடு 1964-இல், ராக்கஃபெல்லர் ஆய்வுக் கழகத்தின் மருத்துவர் வின்சென்ட் டோலுடன் சேர்ந்தார். மேரி ஜீன் கிரீக் என்ற இளம் மருத்துவரும் அந்தக் குழுவில் இருந்தார்.

முதலில் நோயாளிகளுக்கு மார்ஃபின் கொடுத்துப் பார்த்தார்கள். அடுத்த ஊசி எப்போ என்பதே அவர்களின் ஒரே நினைப்பாக இருந்தது.

மெத்தடோனுக்கு மாற்றியதும் நிலைமை மாறியது. ஒருவர் ஓவியம் வரையத் தொடங்கினார். இன்னொருவர் விட்ட படிப்பைத் தொடரக் கேட்டார்.

எப்படி வேலை செய்கிறது?

ஹெராயினின் வேகம் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். உடனே நடுக்கம், வலி, ஏக்கம். மெத்தடோன் மெதுவாக வேலை செய்யும், ஒரு நாள் முழுக்கத் தாங்கும். சரியான அளவில் குடித்தால் கிறக்கம் வராது, ஏக்கமும் அடங்கும்.

ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா என்று அப்போதே பலர் கேட்டார்கள். போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகளும் எச்சரித்தார்கள். ஆய்வு நிற்கவில்லை. 22 நோயாளிகளின் முடிவுகள் 1965-இல் வெளிவந்தன. அதே ஆண்டு நைஸ்வாண்டரும் டோலும் திருமணம் செய்துகொண்டார்கள்.

நைஸ்வாண்டர் 1986-இல், 67 வயதில், புற்றுநோயால் காலமானார். 2005-இல் உலகச் சுகாதார நிறுவனம் மெத்தடோனை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது.

உங்கள் வீட்டில் யாராவது மெத்தடோன் எடுக்கிறார்களா?

எப்போ நிறுத்தப்போற என்று அவர்களை அவசரப்படுத்தாதீங்க. பாதியில் விட்டால் ஹெராயினுக்குத் திரும்பும் அபாயம் அதிகம். அளவு கூடினால் மெத்தடோனும் உயிரைப் பறிக்கும். அதனால் குறைப்பதோ நிறுத்துவதோ, மருத்துவரோடு பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம்.